எஞ்சின் எண்ணெய் மேல் ஒரு தலாக்

எங்கள் ஊர் ஆண்கள் ஒரு நாளைக்குப் பல தடவை மனைவியை விவாகரத்து செய்யத் துணிவார்கள். பெரும்பாலும் சாப்பாட்டு விஷயமாக. "தலாக் மேல சத்தியம், ஒரு வாய் சாப்பிடாம நீங்க இந்தப் படி இறங்கக் கூடாது" என்பார் வீட்டுக்காரர். விருந்தாளி சாப்பிடாமல் போனால் வீட்டுக்காரரின் மனைவிக்குத் தலாக் ஆகிவிடும் என்று பொருள். விருந்தாளி பதறிப்போய் உட்காருவார். அந்த மனைவி உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள். தன் இல்லறம் ஒரு கவளச் சோற்றில் தொங்குவது அவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் வெங்காயத்தை நிறுத்த மாட்டாள். எங்கள் ஊரான கரக் மலைமேல் இப்படிச் சாப்பிட்டுச் சாப்பிட்டே காப்பாற்றப்பட்ட குடும்பங்கள் ஏராளம்.

என் வாப்பா தைஃபுல்லாஹ்வும் இந்தச் சத்தியத்தைச் சாப்பாட்டோடு நிறுத்தியிருக்கலாம். அவர் அதை எஞ்சின் எண்ணெய் மேல் செய்தார்.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து உம்மாவின் அண்ணன் கலஃப் மாமா சாப்பிட வந்திருந்தார். மாமாவுக்குக் கீழே உப்புக்கடல் ஓரம், கோர் பள்ளத்தாக்கில், தக்காளித் தோட்டம். மேலே எங்களுக்குப் பனி விழும்போது கீழே அவருக்குத் தக்காளி பழுக்கும். அதை எங்கள் பிக்கப்பில் ஏற்றி மலைமேல் கொண்டுவந்து விற்பது வாப்பாவின் தொழில். ஆகவே மாமா எங்களுக்கு உறவும் சரக்கும்.

பிக்கப்பின் பெயர் ஷக்ரா. செம்பட்டைக் குதிரைக்கு வைக்கிற பெயர் அது. ஒரு காலத்தில் வண்டி அந்த நிறத்தில்தான் இருந்ததாம். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அதற்கு நிறம் என்று எதுவும் இல்லை. குளிர்காலக் காலைகளில் ஷக்ரா லேசில் எழுந்திருக்க மாட்டாள். தள்ள வேண்டும். தள்ளுவது உம்மாவின் வேலை. வாப்பா உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பிக்கொண்டே "தள்ளு! தள்ளு!" என்று ஊக்கம் கொடுப்பார். நான் கல்லூரி விடுதியில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருப்பேன்.

"ஒரு மாசமா ஷக்ரா தானா எழுந்துக்கிறா மச்சான்" என்றார் வாப்பா, தயிரில் வெந்த ஆட்டுக்கறிச் சோறான மன்சஃப் தட்டில் கறியை மாமா பக்கம் தள்ளிவிட்டு. "சாவியைக் காட்டினாலே போதும். ஏன்னு கேளு."

மாமா கேட்கவில்லை. அவர் வாயில் சோறு இருந்தது.

"எண்ணெய்! சாதா எண்ணெய். எங்க வாப்பா ஊத்தின அதே எண்ணெய். பேரீச்சம் பாகு மாதிரி கெட்டியா, பூமியிலேர்ந்து நேரா வந்தது."

"கெட்டியா இருந்தா குளிர்ல ஓடாதே வாப்பா" என்றேன். "சிந்தெடிக் ஊத்தினாத்தான்..."

அங்கேதான் பிரச்சினை. எங்கள் மொழியில் சிந்தெடிக் எண்ணெய்க்குச் 'செயற்கை எண்ணெய்' என்று பெயர். பெயர் வைத்தவர் என் வாப்பாவைச் சந்தித்ததில்லை.

"செயற்கை! செயற்கைப் பூவுல வாசம் வருமா? டப்பாப் பால் குடிச்ச ஆட்டுக்குட்டியும் தாய்ப்பால் குடிச்ச ஆட்டுக்குட்டியும் ஒண்ணா? மனுஷன் கையால செஞ்ச எது உருப்பட்டிருக்கு?" என்று வாப்பா தன் மேல்வரிசையில் இருந்த ஆறு செயற்கைப் பற்களின் வழியாகக் கேட்டார்.

"செயற்கைன்னா போலி இல்ல வாப்பா. அதுல மூலக்கூறு எல்லாம் ஒரே அளவா இருக்கும். குளிர்ல கட்டியாகாது. ஏத்தத்துல சூடேறினாலும் சீக்கிரம் கருகாது."

"நீ எண்ணிப் பாத்தியா?"

"எதை?"

"மூலக்கூறை."

"இல்ல."

"அப்ப பேசாத."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் பரீட்சையில் இந்தக் கேள்வி வந்து, நான் எழுதி, வாத்தியார் மதிப்பெண் போடாமல் விட்டிருந்தார். மனசில் ஆறவில்லை. "செயற்கை ஊத்திப் பாருங்க, இதைவிட நல்லா எழுந்துப்பா" என்றேன்.

வாப்பா கையை உதறினார். இரண்டு சோற்றுப் பருக்கைகள் மாமாவின் தலைத்துணியில் போய் ஒட்டிக்கொண்டன.

"தலாக் மேல சத்தியம்! இப்ப ஷக்ரா வயித்துல இருக்கிறது சாதா எண்ணெய்தான். செயற்கை ஒரு சொட்டு இருந்தாலும் என் பொண்டாட்டிக்குத் தலாக்!"

உம்மா அப்போது டீத் தட்டோடு வாசற்படியைத் தாண்டிக்கொண்டிருந்தாள். தட்டைத் தரையில் வைத்தாள். ஒரு கிளாஸ்கூடச் சத்தம் போடவில்லை.

"ஒரு சொட்டு இல்ல" என்றாள். "உள்ள இருக்கிறது முழுசும் அதுதான்."

மாமாவின் கையில் உருட்டிய கவளம் வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது.

"என் தோள் போச்சு" என்றாள் உம்மா. "அபூ ஷாஹிர் பட்டறைக்குப் போயி, தள்ளாம எழுந்துக்கிற எண்ணெய் எதுன்னு கேட்டேன். மஞ்சள் டின்னைக் காட்டினார். ஊத்துங்கன்னேன். ஒரு மாசம் ஆச்சு. நல்லாத்தானே ஓடுதுன்னு நானும் வாயத் திறக்கல."

"கிதாம்..." என்றார் வாப்பா.

"பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க. நான் இப்ப யாரு? உங்க பொண்டாட்டியா, இல்ல இந்த வீட்டுக்கு வந்த விருந்தாளியா? தெரியற வரைக்கும் அண்ணன் வீட்டுல இருக்கேன்." மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். "டீ ஆறிடும். குடிங்க."

மாமா கவளத்தை விழுங்கினார், கையைக் கழுவினார், தங்கையைக் கூட்டிக்கொண்டு போனார். நானும் வாப்பாவும் டீ குடித்தோம். சர்க்கரை சரியாக இருந்தது.

சனிக்கிழமை காலை நான் விடுதிக்குத் திரும்பவில்லை. மெக்கானிக்கல் எஞ்சினியரிங் வீட்டுக்கே வந்துவிட்ட பிறகு எதற்குப் போவது? வாப்பாவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போவார், ஷக்ராவைப் பார்ப்பார், திரும்பி வருவார், தஸ்பீஹ் ஜெபமணியைச் சுழற்றுவார், மறுபடி ஜன்னல். மாமா போன் செய்தார். வாப்பா ஒலிபெருக்கியில் போட்டார்.

"தக்காளி பழுத்துக் கிடக்கு தைஃபுல்லாஹ்."

"இதோ வரேன்."

"வராத. நீ இப்ப எனக்கு மச்சானா, வாடிக்கையாளனா? தெரியல. எந்த விலை சொல்றதுன்னு புரியல. முதல்ல அதைத் தெளிவு பண்ணு."

"கிதாம் எப்படி இருக்கா?"

"வெயில்ல உட்கார்ந்திருக்கா. தோள் பரவாயில்லங்கறா."

வாப்பா போனை வைத்தார். வைத்த கையோடு சாவியை எடுத்தார். "வா" என்றார்.

அபூ ஷாஹிரின் பட்டறை சாலையோரம். எங்கள் ஊரில் பெற்றவர்களை மூத்த மகன் பெயரால் அழைப்பார்கள்: ஷாஹிரின் வாப்பா அபூ ஷாஹிர், உம்மா உம்மு ஷாஹிர்; என் பெயர் பர்ஜஸ் என்பதால் எங்கள் வீட்டில் அபூ பர்ஜஸ், உம்மு பர்ஜஸ். அவர் ஒரு வண்டிக்கு அடியிலிருந்து கால்களை மட்டும் வெளியே வைத்திருந்தார். வாப்பா கால்களிடம் பேசினார். அந்தக் குரலில் அப்படி ஒரு கெஞ்சலை நான் கேட்டதே இல்லை.

"அபூ ஷாஹிர், நீ எங்களை ஏமாத்தினியா?"

கால்கள் நின்றன. பிறகு முழு அபூ ஷாஹிரும் வெளியே வந்தார்.

"என்னது?"

"மஞ்சள் டின்னுல சாதா எண்ணெயை ஊத்தி வித்தியா? ஊர்ல பண்றதுதானே. எனக்குக் கோபமே இல்ல. நெஞ்சைத் தொட்டு ஏமாத்தினேன்னு ஒரு வார்த்தை சொல்லு, கட்டிப் பிடிச்சுக்கிறேன்."

பக்கத்து ரொட்டிக் கடையில் வரிசை கலைந்து எங்கள் பக்கம் திரும்பியது. அபூ ஷாஹிர் ஸ்பேனரைத் தூக்கினார்.

"நானா? என்னையா? தலாக் மேல சத்தியம்! மூடி உடைக்காத டின். உம்மு பர்ஜஸ் பக்கத்துல நின்னு பாத்தாங்க. அதுல ஒரு சொட்டு போலி இருந்தா உம்மு ஷாஹிருக்குத் தலாக்!"

ஆக, இப்போது ஒரே எஞ்சினுக்குள் இரண்டு குடும்பங்கள் மாட்டிக்கொண்டன. எண்ணெய் அசலானால் என் வீடு போச்சு. போலியானால் அவர் வீடு போச்சு. இதை நான் வாய்விட்டுச் சொன்னேன். இருவரும் என்னைப் பார்த்த பார்வையில் ஒற்றுமை இருந்தது.

"வடி" என்றார் வாப்பா.

"எதை?"

"செயற்கையை. வடிச்சிட்டு நம்ம சாதாவை ஊத்து. சத்தியம் உண்மையாகட்டும்."

"நல்ல எண்ணெய் அபூ பர்ஜஸ். இன்னும் எவ்வளவோ ஓடும்."

"வாப்பா, சத்தியம் பண்ணினது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை வடிச்சா..." என்று தொடங்கினேன்.

"நீ பேசாத. நீ பேசித்தான் இங்க வந்து நிக்கிறோம்."

அபூ ஷாஹிர் அடியில் தட்டை வைத்துத் திருகைக் கழற்றினார். எண்ணெய் காப்பி நிறத்தில் இறங்கியது. வாப்பா குந்தி உட்கார்ந்து அதில் விரலை விட்டு முகர்ந்து பார்த்தார். பிறகு புதிதாக ஊற்றப்போகிற சாதா எண்ணெயிலும் விரலை விட்டார். இரண்டு விரலையும் வெளிச்சத்தில் பிடித்தார்.

"ரெண்டும் எண்ணெய் மாதிரிதானே இருக்கு" என்றார், யாரோ ஏமாற்றிவிட்டது போல.

ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணாடி மேல் பனி உறைந்திருந்தது. வாப்பா சாவியைத் திருப்பினார். ஷக்ரா தொண்டையைக் கனைத்துவிட்டுத் தூங்கிப்போனாள். மறுபடி திருப்பினார். இந்தத் தடவை கனைப்புகூட இல்லை.

"இறங்கித் தள்ளு" என்றார்.

தள்ளினேன். விடுதிச் சாப்பாட்டில் வளர்ந்த உடம்பு. ஷக்ராவுக்கு யாரோ பின்னால் சாய்ந்து ஓய்வெடுப்பது போல்தான் தோன்றியிருக்கும்.

"உன் உம்மா ஒரு பொம்பள, அவ தள்ளினா. நீ ஆம்பள! நகரு. நீ சாவியைத் திருப்பு, நான் தள்ளிக் காட்டறேன்."

நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். வாப்பா பின்னால் போனார். சின்ன வயசிலிருந்து கேட்டுப் பழகிய வார்த்தை தானாக வாயில் வந்தது. "தள்ளுங்க! தள்ளுங்க!" என்று ஊக்கம் கொடுத்தேன். பக்கக் கண்ணாடியில் அவர் முகம் சிவந்து கறுத்தது. கால் வழுக்கியது. முட்டி போட்டார், எழுந்தார், தோளைக் கொடுத்தார். பள்ளிவாசல் இறக்கம் வரை தள்ளின பிறகு ஷக்ரா ஒரு கறுப்புப் புகையை அவர் மேல் துப்பிவிட்டு எழுந்தாள்.

அவர் வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். மூச்சு வாங்க வலது தோளைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பின்கதவுத் தகடு ரொம்பக் கூரா இருக்கு" என்றார்.

"ஆமா."

"உன் உம்மா சொன்னதே இல்லையே."

"சொன்னாங்க. எஞ்சின் சத்தத்துல உங்களுக்குக் கேட்டிருக்காது."

"எஞ்சின்தான் ஓடலையே" என்றார்.

"இமாம் வீட்டுக்குத் திருப்பு" என்று சொன்னார்.

இமாம் யூனுஸ் பள்ளிவாசலை ஒட்டிய சின்ன அறையில் கேஸ் அடுப்புக்கு முன்னால் காலுறையைக் காயவைத்துக்கொண்டிருந்தார். வாப்பா சலாம் சொன்ன மூச்சிலேயே என் முதுகில் கையை வைத்து முன்னால் தள்ளினார். அவருக்குத் தள்ளுவது பழகிவிட்டது.

"சொல்லு. செயற்கை எண்ணெய்னு உலகத்துல ஒண்ணு கிடையாதுன்னு சொல்லு. நீ படிச்சவன்."

வெள்ளிக்கிழமை பேசிய நானும் ஞாயிற்றுக்கிழமை நிற்கிற நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. "செயற்கைன்னு விக்கிற எண்ணெய்ல பலதை" என்றேன், "பூமியிலேர்ந்து வர்ற கச்சா எண்ணெயைத்தான் உடைச்சு, சுத்தம் பண்ணி, மறுபடி கட்டிச் செய்யறாங்க ஷேக்."

"கேட்டீங்களா!" வாப்பா துள்ளினார். "கடைசியில பூமி எண்ணெய்தான்! என் சத்தியம் உண்மை!"

இமாம் காலுறையைத் திருப்பிப் போட்டார். "ரெண்டும் ஒண்ணுன்னா, வெள்ளிக்கிழமை எதுக்கு எதிரா சத்தியம் பண்ணினே?"

வாப்பா என்னைப் பார்த்தார். நான் காலுறையைப் பார்த்தேன்.

"எண்ணெயை விடு தைஃபுல்லாஹ். சத்தியம் பண்ணும்போது மனசுல என்ன இருந்துச்சு? கிதாமை விட்டுடணும்னு இருந்துச்சா?"

"அல்லாஹ் காப்பாத்தணும்! பையன் வாயை அடைக்கணும்னு இருந்துச்சு."

"அடைஞ்சுதா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"இல்ல" என்றார் வாப்பா.

"உள்ள இருக்கிறது சாதா எண்ணெய்னு நிஜமாவே நம்பினியா?"

"நம்பினேன்."

"அப்ப தலாக் ஆகல. உன் பொண்டாட்டி உன் பொண்டாட்டிதான்."

வாப்பா எழுந்து வாசலுக்கே போய்விட்டார். இமாம் உட்கார்ந்தபடியே அவர் அங்கியின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"உட்காரு. சத்தியத்தை எஞ்சினுக்குள்ள கொண்டுபோய் ஊத்தியிருக்க. எதுக்கும் பேணுதலா, சத்தியத்துக்குப் பரிகாரமாப் பத்து ஏழைக்குச் சாப்பாடு போடு. அப்புறம் கலஃப் வீட்டுக்குப் போ. இமாம் சொன்னார்னு என் பேரைச் சொல்லாத. உன் மனசுல என்ன இருந்துச்சு, என்ன இல்லேன்னு நீயே அவன் முன்னாடி வாயால சொல்லு."

"என் சத்தியம் வெறும் வாய்ப்பேச்சுன்னா? மச்சான் முன்னாடியா?"

"ஆமா."

வாப்பா ஜெபமணியைச் சுழற்றினார். "பதினஞ்சு ஏழைக்குப் போடறேனே ஷேக்."

"பத்து போதும். ஆனா சொல்லணும்."

எங்கள் ஊரில் ஏழைகள் இல்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. காசில்லாதவர்கள் இருக்கிறார்கள், கூரை ஒழுகுகிறவர்கள் இருக்கிறார்கள், ஏழை என்று யாரும் கிடையாது. முதலில் பக்கத்து வீட்டு அபூ மித்அபிடம் போனோம். அவர் வீட்டுக்குள் மூன்று வாளிகள் ஒழுகலைப் பிடித்துக்கொண்டிருந்தன. வாப்பா சுற்றி வளைத்து விஷயத்தைச் சொன்னார்.

"ஏழையா? நானா?" அபூ மித்அபின் மீசை எழுந்து நின்றது. "என் வாசல்ல வந்து நின்னு என்னையே சாப்பிடக் கூப்பிடறியா? தலாக் மேல சத்தியம், நீங்க ரெண்டு பேரும் இங்க சாப்பிடாம போகக் கூடாது!"

உம்மு மித்அபின் நலனைக் கருதி நாங்கள் பருப்புச் சோறு சாப்பிட்டோம். அடுத்த வீட்டு விதவையிடம் போனோம். விஷயம் வாயில் வருவதற்குள் ஒரு பை ஆலிவ் காய் கொடுத்து, உங்க வீட்ல பொம்பள இல்லையாமே, பாவம் என்றாள். மூன்றாவது வீட்டில் ஆட்டுக்காரர் தயிர் கொடுத்தார். சாயங்காலத்தில் எங்களுக்கு ஏப்பம் வந்துகொண்டிருந்தது. ஏழை ஒருவர்கூடக் கிடைக்கவில்லை.

"தக்காளி அழுகுது" என்றார் வாப்பா. அவர் தக்காளியைப் பற்றிப் பேசவில்லை என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் விடுதி ஞாபகம் வந்தது. என் அறைத் தோழன் உதய்க்குப் போன் செய்தேன்.

"உதய், உங்கள்ல ஏழை யாராவது இருக்கீங்களா?"

"எதுக்கு?"

"மன்சஃப்."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி விழுந்த சத்தம். காலடிகள். பிறகு உதய் மூச்சிரைக்க வந்தான். "எத்தனை பேர் வேணும்? இந்த மாடியில மட்டும் பதினேழு ஏழை இருக்கோம். கீழ்மாடியையும் எழுப்பவா?"

மாணவர்கள் கணக்கில் சேருவார்களா என்று இமாமிடம் கேட்டோம். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"மாசக் கடைசியா?"

"ஆமா ஷேக்."

"அப்ப சரி."

மறுநாள் காலை விடுதிக்குப் போய்ப் பத்துப் பேரையும் பின்னால் ஏற்றினோம். சாவியைத் திருப்பினால் ஷக்ரா செத்துக் கிடந்தாள். பத்து ஏழைகளும் இறங்கினார்கள். நாட்டின் எதிர்காலம் முழுவதும் வரிசையாக நின்று எங்கள் பிக்கப்பைத் தள்ளியது. வாப்பா உள்ளே உட்கார்ந்திருந்தார். "தள்ளு" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. தலையை வெளியே நீட்டி, "தகடு பாத்து! தோள் பாத்து!" என்று கத்திக்கொண்டே வந்தார்.

சமைத்தவர் வாப்பா. மன்சஃபுக்குத் தயிர்க் கட்டியைக் கரைத்து, கொதிக்கும் வரை கையெடுக்காமல் கிளற வேண்டும். அவருக்கு அன்று கை ஓரிடத்தில் நிற்கிற நாள் இல்லை. இரண்டு சுற்று கிளறுவார், ஜன்னலுக்குப் போவார், போனைப் பார்ப்பார், வருவார். தயிர் திரிந்து தண்ணீர் ஒரு பக்கம் கட்டி ஒரு பக்கமாகப் பிரிந்து போனது. ஏழைகள் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார்கள்.

"எப்படி இருக்கு?" என்றார் வாப்பா.

"அபூ பர்ஜஸ் மாமா, நீங்க அடுத்த சத்தியம் எப்ப பண்ணுவீங்க?" என்றான் உதய்.

அவர்களைக் கொண்டுபோய் விட்ட கையோடு கோருக்குப் போவதாகத் திட்டம். ஆனால் வழியில் வாப்பா பட்டறை முன்னால் நிறுத்தினார். என்னை இறங்க விடவில்லை. எஞ்சினைப் பற்றி ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயமாக இருக்கலாம். உள்ளே போனார். கண்ணாடி வழியே பார்த்தேன். அவர் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். அபூ ஷாஹிர் காதில் கையை வைத்து, கேட்கலையே என்று ஜாடை காட்டினார். வாப்பா விரலால் மேல் அலமாரியைக் காட்டினார். அபூ ஷாஹிர் வேறொரு டின்னை எடுத்தார். வாப்பா தலையாட்டி மறுபடி காட்டினார். நாலைந்து தடவை இப்படி நடந்த பிறகுதான் மஞ்சள் டின் கீழே இறங்கியது. வாப்பாவின் வாயிலிருந்து அந்தச் சொல் வரவே இல்லை.

கோருக்கு இறங்க இறங்கக் காது அடைத்தது, சட்டை ஒட்டியது. கலஃப் மாமா பெட்டிகளுக்கு நடுவில் நின்றார். உம்மா சுவரோரம் வெயிலில் உட்கார்ந்து தக்காளி அரிந்து உப்புத் தூவித் தின்றுகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துக் கத்தியை நிறுத்தவில்லை.

வாப்பா மாமாவின் முன்னால் போய் நின்றார். தொண்டையைச் சரிசெய்தார். கையிலிருந்த ஜெபமணி மூன்று சுற்று சுற்றி நின்றது.

"கலஃப். அன்னைக்கு நான் சொன்னது..."

"எது?"

"அதான்."

"எதுன்னு சொல்லு தைஃபுல்லாஹ். என் தங்கச்சி பாத்துக்கிட்டிருக்கா."

"சத்தியம். அது வெறும் வாய்ப்பேச்சு. தலாக் என் மனசுல இல்ல, என்னைக்கும் இருந்ததில்ல. பையன் மேல கோவம். அவ்வளவுதான்."

"அப்ப உன் வாக்கு?"

வாப்பா மலையை நிமிர்ந்து பார்த்தார். மலை உதவிக்கு வரவில்லை. "காத்து" என்றார்.

மாமா ஒரு பெட்டியைக் குனிந்து நகர்த்தினார். நகர்த்தத் தேவையில்லாத பெட்டி. கரக் ஆண் ஒருவன் இப்படிச் சொல்வதை இன்னொரு கரக் ஆண் நேராகப் பார்த்துக்கொண்டு நிற்பது மரியாதை இல்லை. நானும் தக்காளிகளைப் பார்த்தேன். நல்ல தக்காளிகள்.

"வண்டியில இப்ப என்ன எண்ணெய்?" என்று கேட்டாள் உம்மா.

"மஞ்சள் டின்."

"பேரு?"

"மஞ்சள் டின்தான் கிதாம்."

உம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் வலது கையை உடம்போடு ஒட்டிவைத்திருந்தார். "தோளுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"தகடா?"

"ரொம்பக் கூரா இருக்கு."

"அதுல நான் துணி சுத்தி வச்சிருந்தேன். நீங்கதான் எண்ணெய் துடைக்கணும்னு அவுத்து எடுத்தீங்க." கத்தியைத் துடைத்துவிட்டு எழுந்தாள். "இன்னொண்ணு. இனிமே சத்தியம் பண்ணணும்னா உங்க பல்லு மேல பண்ணுங்க. அது போனா வேற கட்டிக்கலாம்."

"சரி."

"அந்த ஆறு பல்லு மேல."

"சரின்னேனே."

மாமா மச்சானுக்குரிய விலையைச் சொன்னார். பெட்டிகளை ஏற்றினோம். ஏற்றம் முழுக்க உம்மா நடுவில் உட்கார்ந்து வாப்பாவின் தோளில் இடித்துக்கொண்டே வந்தாள். அவர் வலிக்கிறது என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை மறுபடி உறைபனி. வாப்பா சாவியோடு உள்ளே ஏறினார். உம்மா பழக்க தோஷத்தில் பின்னால் போய்த் தகட்டில் கையை வைத்தாள். நானும் பக்கத்தில் நின்று தோளைக் கொடுத்தேன். ஒரே திருப்பு. ஷக்ரா எழுந்து நாங்கள் சாய்வதற்குள் முன்னால் போய்விட்டாள். நான் பனியில் முட்டியிட்டேன். உம்மா விழவில்லை. அவளுக்கு அனுபவம்.

சத்தம் கேட்டு அபூ மித்அப் வாசலுக்கு ஓடிவந்தார். அவருடைய பிக்கப் ஒரு வாரமாக எழுந்திருக்கவில்லை.

"அபூ பர்ஜஸ்! நில்லு! என்ன எண்ணெய் ஊத்தற நீ?"

"எண்ணெய்தான்" என்றார் வாப்பா, கண்ணாடியை ஏற்றிக்கொண்டே.

"எந்த எண்ணெய்?"

"மஞ்சள் டின். போ, குளிருது."

"மஞ்சள் டின்னுல ஆயிரம் இருக்கு!" அபூ மித்அப் பாய்ந்து வந்து பானட் மேல் கையை ஊன்றினார். "தலாக் மேல சத்தியம், அதுல என்ன எண்ணெய்னு பேர் சொல்லாம நீ இங்கேர்ந்து நகரக் கூடாது!"

மேலே மாடியில் உம்மு மித்அப் ஈரச் சட்டையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். வாப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பக்கக் கண்ணாடியில் உம்மாவைப் பார்த்தார். உம்மா கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஷக்ரா துளி நடுக்கமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தாள்.

வாப்பா கண்ணாடியை இறக்கினார்.

"செயற்கை" என்றார், ஆறு பல்லும் தெரிய.

உம்மு மித்அப் அடுத்த சட்டையை எடுத்தாள்.